துப்பாக்கிக் கட்டைக்கு எண்ணெய் ஊட்டல்

2020ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 26ஆம் நாள் குடியரசு நாள் அணிவகுப்பில் உத்தரப் பிரதேசக் காவற்படையினர் .303 துப்பாக்கியைக் கடைசி முறையாகத் தோளில் ஏந்தி நடந்து அதற்கு விடை கொடுத்தனர். வடநாட்டில் வாழும் நமக்கு அந்த நீண்ட துப்பாக்கி நன்கு அறிமுகமானதே. இரயில் நிலையத்திலும், கருவூல வாயிலிலும், தேர்தல் சாவடியிலும் எத்தனையோ முறை அதனைக் கடந்து சென்றிருக்கிறோம். கடந்து செல்லும்போது நம் பார்வை இரும்புக் குழலின் மீதே பட்டிருக்கும். பட்டவுடன் விலகியும் இருக்கும். அதனைத் தாங்கி நின்ற மரத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. கருமையோடிய பழுப்பு நிறம். கண்ணைப் பறிக்கும் பளபளப்பு இல்லை. ஆயினும் உயிரற்றதென்று சொல்லவும் முடியாத ஓர் ஒளி. அந்த ஒளி எவ்வாறு வந்தது, கெட்டுப்போனால் அதனை எவ்வாறு மீட்பது என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

நேயர்களில் பலருக்குத் துப்பாக்கியோடு எத்தொடர்பும் இராது. எனக்கும் இல்லை. பகலெல்லாம் அரசாங்க அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொணர்வதே என் உத்தியோகம். ஆனால் நம்மவருள் படையில் பணியாற்றி ஓய்வு பெற்று, ஊர் திரும்பாமல் தில்லியிலும் மீரட்டிலும் செகந்திராபாத்திலும் தங்கிவிட்டவர் பலர் உண்டு. அவர்களுள் சிலர் சொந்தத் துப்பாக்கிக்கு உரிமம் பெற்று, வங்கி வாயிலில் காவல் நின்று பிழைக்கின்றனர். அத்தகையவருக்குத் துப்பாக்கிதான் தொழிற்கருவி. தச்சருக்கு உளி எப்படியோ அப்படி. அன்றியும், மரத்துக்கு எண்ணெய் ஊட்டும் இம்முறை துப்பாக்கிக்கு மட்டும் உரியதன்று. வீட்டிலுள்ள பழைய மேசைக்கும் ஊஞ்சற் பலகைக்கும் இதுவே பொருந்தும்.

முதலில் மரத்தைப் பார்ப்போம். கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதியின் கீழ்க்கரையில் இச்சாப்பூர் என்ற ஊர் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெடிமருந்துச் சாலையாகத் தொடங்கிய இடம் அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பாக்கித் தொழிற்சாலையாயிற்று. லீ என்ஃபீல்ட் வகைத் துப்பாக்கிகள் பல்லாண்டுகள் அங்கே உருவாயின. குடிமக்கள் உரிமம் பெற்று வைத்துக்கொள்ளும் .315 வேட்டைத் துப்பாக்கியும் அதே மரபில் வந்ததே. படையினரின் .303 குண்டு குடிமக்களுக்கு விலக்கப்பட்டிருந்தமையால், அதே அமைப்பில் வேறு அளவுள்ள குழல் பொருத்தி அதனை உருவாக்கினர்.

இத்துப்பாக்கிகளின் கட்டைக்கு விரும்பப்பட்டது காஷ்மீரத்து அக்ரூட் மரம். நாம் உடைத்துத் தின்னும் அதே அக்ரூட்தான். அதன் வைரம் நெருக்கமானது, அடியைத் தாங்கும், எளிதில் பிளவாது, ஒருமுறை நன்கு உலர்ந்துவிட்டால் மழைக்கும் வெயிலுக்கும் அதிகம் திருகிக்கொள்ளாது. குழலைப் பிடித்திருக்கும் கட்டை மயிரிழை திருகினாலும் குறி தவறும் என்பதால் இக்குணம் இன்றியமையாதது. அக்ரூட் மரம் முதிரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஜம்மு காஷ்மீரத்தில் 1969ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அனுமதியின்றி அதனை வெட்டக் கூடாதென்று தடுக்கிறது. ஆகவே பழைய கட்டை ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியது வாங்கிக்கொள்ளலாம் என்பது சொல்வதற்கு எளிதே தவிரச் செய்வதற்கு எளிதன்று.

இனி எண்ணெய். மரத்தின்மேல் பூசுவது ஒன்று. மரத்துக்குள் ஊட்டுவது மற்றொன்று. வார்னிஷ் முதல் வகை. அது மரத்தின் மேற்பரப்பில் கண்ணாடிபோல் ஒரு படலமாகப் படிகிறது. படலம் முழுமையாக இருக்கும்வரை அழகுதான். ஓரிடத்தில் கீறல் விழுந்தால் அவ்வழியே ஈரம் புகுந்து அடியில் பரவும். படலம் வெளுத்து மீன் செதிள்போல் உரியும். உரிந்த இடத்தை மட்டும் சரிசெய்ய வழியில்லை. முழுவதையும் அகற்றி மீண்டும் பூச வேண்டும். எண்ணெயோ நார்களுக்கிடையே இறங்கி அங்கேயே இறுகுகிறது. கீறல் விழுந்தால் அவ்விடத்தில் மட்டும் சிறிது தேய்த்தாற் போதும். மழையிலும் சேற்றிலும் கிடந்து எழும் படைவீரனின் துப்பாக்கிக்கு வார்னிஷை விட்டு எண்ணெயைத் தேர்ந்த காரணம் இதுவே.

எந்த எண்ணெய் என்று கேட்டால் நம் வீட்டு வழக்கப்படி நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ நினைவுக்கு வரும். ஊரில் கதவுக்கு வேப்பெண்ணெய் தடவியதைக் கண்டவரும் இருப்பர். அவை கரையானைத் தடுக்க உதவலாம். ஆனால் மரத்துக்கு மெருகாக இறுகமாட்டா. தேங்காயெண்ணெய் எத்தனை மாதம் ஆனாலும் உலராது. விளக்கெண்ணெயும் அவ்வாறே. நல்லெண்ணெய் பாதி உலர்ந்தும் உலராமலும் பிசுபிசுத்து, தெருத்தூசியையெல்லாம் வரவேற்றுக்கொண்டிருக்கும். உலரும் எண்ணெய்கள் சிலவே. அவற்றுள் முதன்மையானது ஆளிவிதை எண்ணெய். கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால்தான் தருவார்கள். வடநாட்டார் அல்சி என்று சொல்லிக் குளிர்காலத்தில் வெல்லமும் நெய்யும் கூட்டிப் பின்னி உருண்டை பிடிக்கிறார்களே, அந்த விதையிலிருந்து எடுப்பதே இது.

உலர்தல் என்று சொன்னேன். அச்சொல் சற்றே ஏமாற்றும் சொல். ஈரத்துணி உலரும்போது நீர் ஆவியாகி வெளியேறுகிறது. ஆளிவிதை எண்ணெயிலிருந்து ஏதும் வெளியேறி அது இறுகுவதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து, வலைபோல் பின்னிக் கெட்டிப்படுகின்றன. அதனால் உலர்ந்தபின் எண்ணெயின் எடை குறைவதற்கு மாறாகக் கூடவே செய்கிறது. இவ்வேதிவினையின்போது வெப்பமும் பிறக்கிறது. இந்த வெப்பத்தைப் பற்றிப் பின்னர் மீண்டும் சொல்ல வேண்டியிருக்கும்.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. கடையில் இவ்வெண்ணெய் இருவகையாகக் கிடைக்கும். ஒன்று பச்சை எண்ணெய். மற்றொன்றின் தகரத்தில் ‘பாயில்டு’ என்று அச்சிட்டிருக்கும். இதனைக் ‘காய்ச்சியது’ என்று தமிழாக்குவது அகராதிக்குச் சரி, பொருளுக்குச் சரியன்று. முற்காலத்தில் உண்மையாகவே காய்ச்சினார்கள்; பெயர் அப்போது வந்தது. இன்று விற்பனையாவது பெரும்பாலும் விரைவில் உலரும்படி கோபால்ட், மாங்கனீசு முதலிய உலோக உப்புக்கள் கலந்த எண்ணெயே. பெயரை நம்பிப் பச்சை எண்ணெயை அடுப்பிலேற்றிக் கொதிக்க வைத்தால் அது காய்ச்சிய எண்ணெய் ஆகாது. தீ விபத்துத்தான் ஆகும். உலோக உப்புக் கலந்த எண்ணெய் உணவுக்கும் ஆகாது. சமையலறைப் பக்கம் அதனை வைக்கவே வேண்டாம்.

எங்கள் குடியிருப்பில் மதராஸ் ரெஜிமெண்டில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வசிக்கிறார். நெல்லைச் சீமைக்காரர். வெலிங்டனில் பயிற்சி பெற்ற நாளில் அவர் கையில் தந்தது மரக்கட்டை பொருத்திய 7.62 மில்லிமீட்டர் துப்பாக்கி. நெகிழிக் கட்டையுடைய புதுத் துப்பாக்கிகள் பின்னர் வந்தன. ஓய்வுக்குப் பின், உரிமம் பெற்ற வணிகரிடம் பழைய .315 துப்பாக்கி ஒன்றை வாங்கி, வங்கிக் கிளை ஒன்றில் காவல் நின்று வருகிறார். மகள் மதுரையில் செவிலியர் கல்லூரியில் பயில்கிறாள். ஓய்வூதியம் வீட்டுக்கும், வங்கிக் காவல் சம்பளம் கல்லூரிக்கும் என்று கணக்கு.

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த சமயம், அவரை வேலைக்கு அமர்த்தியிருந்த காவல் நிறுவனத்தின் மேற்பார்வையாளர் துப்பாக்கியைப் பார்த்து முகம் சுளித்தார். முன்பு வைத்திருந்தவர் பூசிய வார்னிஷ் திட்டுத்திட்டாக உரிந்திருந்தது. கழுத்துப் பகுதி கறுத்து, கை வைத்தால் ஒட்டியது. இப்படிப்பட்ட துப்பாக்கியோடு வாயிலில் நின்றால் வங்கிக்கு மதிப்பில்லை. 20 நாட்களுக்குள் சரிசெய்க, இல்லையேல் வேறு ஆள் வருவான் என்று சொல்லிவிட்டார். கீர்த்தி நகரில் மரச்சாமான் கடைக்காரர் ஒருவர் ஒரே இரவில் இயந்திரத்தால் தேய்த்து, பளபளப்பாக ரசாயன மெருகு தெளித்துத் தருவதாகச் சொன்னார். பெரியவர் இசையவில்லை. “உரிமம் என் பேருக்குத்தான் தம்பி, ஒரு திருகாணி கூட இன்னொருவர் கடையில் இரவு தங்கக் கூடாது” என்றார். அதுவே சரியான முடிவு. மற்றொன்றும் உண்டு. இயந்திரம் மரத்தோடு முத்திரைகளையும் தின்றுவிடும். துப்பாக்கியில் பொறித்த பெயரையோ எண்ணையோ அழிப்பதும் மாற்றுவதும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி குற்றம். இரும்பில் இருப்பதைத்தான் அதிகாரிகள் முக்கியமாகப் பார்ப்பார்கள் எனினும், மரத்திலுள்ள எண்ணும் முத்திரையும் அத்துப்பாக்கியின் பிறப்புச் சான்று. உப்புத்தாள் அவற்றின் பக்கமே போகக் கூடாது.

அவர் செய்த வேலையை நான் நாற்காலி போட்டு அமர்ந்து பார்த்தேன்; துப்பாக்கியைத் தொடவில்லை. அவரும் தொட விடமாட்டார்.

குண்டறையும் குண்டுப்பெட்டியும் வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் இருமுறை சோதித்தார். பூட்டைக் கழற்றித் தனியே வைத்துப் பூட்டினார். அதன்பின் மரத்தைப் பிரிக்கத் தொடங்கினார். லீ என்ஃபீல்ட் மரபில் கட்டை இரு துண்டுகள்: குழலின் அடியில் முன்கட்டை, தோளில் பதியும் பின்கட்டை. பின்கட்டையின் உள்ளே நீளவாக்கில் ஒரு பெரிய திருகாணி ஓடுகிறது. அதன் சதுர முனை முன்கட்டையின் பின்புறத்தில் பதிந்து நிற்கும். விவரம் அறியாதவர் முதலில் பின்கட்டையைக் கழற்ற முயல்வர். திருகாணி திரும்பும்போது அச்சதுர முனை முன்கட்டையைப் பிளந்துவிடும். ஆகவே முன்கட்டையே முதலில் இறங்க வேண்டும். அதுவும் ஆட்டாமல், திருகாமல், நேராகக் கீழ்நோக்கி. இந்த ஒரு செய்தியை அறியாமல் பாழான கட்டைகள் எண்ணற்றவை என்று பெரியவர் சொன்னார்.

வார்னிஷைக் கரைக்கும் திரவத்தைத் தடவி, திறந்த மாடத்தில், கையுறை அணிந்து, மழுங்கிய மரச்செதிளால் வழித்தெடுத்தார். இரும்புக் கத்தி கூடாது. கழுத்தில் இருந்த கருமை வேறு வகை. துப்பாக்கியின் இரும்புக்கு இடும் கனிம எண்ணெய் உலராத எண்ணெய்; அது ஆண்டுக்கணக்கில் ஒழுகி மரத்தில் ஊறி நாரை மெலிவித்துவிடுகிறது. சுண்ணாம்புத் தூளை டர்ப்பன்டைனில் குழைத்து அப்பி வைத்தார். மறுநாள் தூள் மஞ்சளாகி உதிர்ந்தது. மீண்டும் அப்பினார். நான்காம் முறையில்தான் தூள் வெள்ளையாகவே உதிர்ந்தது.

பின்கட்டையில் பள்ளங்கள் சில இருந்தன. பள்ளம் இருவகை. அடிபட்டு நார் நசுங்கியது ஒன்று. நார் அறுபட்டுப் போனது மற்றொன்று. முதல் வகைக்கு மருந்து உண்டு. ஈரத்துணியை அவ்விடத்தில் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியை ஒரு கணம் அழுத்தினால் எழும் நீராவி நாருக்குள் புகுந்து அதனை உப்பச் செய்யும். ஐந்தாறு முறை செய்தபின் ஒரு நகக்கண் அளவுப் பள்ளம் எங்கே இருந்ததென்று தேட வேண்டியதாயிற்று. அறுபட்ட பள்ளம் அறுபட்டதே. அதனை நிரப்ப வேண்டாம், இருக்கட்டும் என்றார். எனக்கும் அதுவே சரியெனப் பட்டது.

உப்புத்தாள் வேலை குறைவு. மிக நுண்ணிய தாளை, நாரின் போக்கிலேயே, விரலால் அன்றிச் சிறு தக்கைமேல் சுற்றித் தேய்த்தார். இரும்பு வந்து பொருந்தும் ஓரங்களை அடியோடு விட்டுவிட்டார். மரம் இரும்பைவிட மயிரிழை உயர்ந்தே நிற்க வேண்டும். தேய்த்துத் தாழ்ந்துவிட்டால் கூட்டும்போது இரும்பின் விளிம்பு துருத்திக்கொள்ளும். பின்னர் ஈரத்துணியால் துடைத்தார். சிலிர்த்து எழுந்த நார்முனைகள் உலர்ந்ததும் இரும்பு நாரால் மெல்லச் சீவினார். இதனை மூன்று முறை செய்த பிறகு மரம் கன்னம்போல் வழுவழுப்பாயிற்று.

இனி எண்ணெய். சாவ்ரி பஜாரில் வாங்கி வந்த பச்சை எண்ணெயைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி, வெந்நீர்ப் பாத்திரத்தினுள் அக்கிண்ணத்தை வைத்து இளஞ்சூடாக்கினார். எண்ணெய்க்கு நேர் நெருப்புக் கூடவே கூடாது. முதல் ஊட்டலுக்கு மட்டும் சிறிது டர்ப்பன்டைன் கலந்தார். நீர்த்த எண்ணெய் ஆழமாக இறங்கும். கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கே முதலில் எண்ணெய் சென்றது: குழல் கிடக்கும் பள்ளம், அடித்தகடு மூடும் முனை, திருகாணித் துளைகள். நாரின் வாய் திறந்திருக்கும் அவ்விடங்கள் வழியாகவே ஈரம் புகும். வெளிப்புறத்தை மட்டும் மினுக்கி அவற்றை வறண்டவாறு விடுவது, கூரையை வேய்ந்துவிட்டுச் சுவரை மறந்த கதை.

வெளிப்புறத்துக்குத் துணி இல்லை, உள்ளங்கைதான். சில துளிகளை விட்டு, உள்ளங்கை சுடும்வரை தேய்த்தார். அச்சூடு எண்ணெயை இளக்கி உள்ளே இழுக்கும். கால் மணி நேரம் கழித்து, மேலே எஞ்சியதை உலர்ந்த துணியால் ஒன்றுவிடாமல் துடைத்தார். மேலே விட்டுவைத்த எண்ணெய் பிசினாகக் கட்டிக்கொள்ளும். அதனை மீண்டும் சுரண்டுவதைத் தவிர வேறு வழியில்லை. தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய பத்து மேல் என்பது இக்கலையின் அடிப்படை. பச்சை எண்ணெயின் ஊட்டல் ஒன்று இறுகப் பல நாட்கள் செல்லும். 20 நாள் கெடுவுக்கு அது கட்டுபடியாகாது. ஆகவே முதல் இரு ஊட்டல்களுக்குப் பின் உலோக உப்புக் கலந்த எண்ணெய்க்கு மாறினார். மரபில் ஊறியவர் சிலர் இதனை ஏற்கமாட்டார்கள். கெடு வைத்தவர் மரபைக் கேட்கவில்லையே! ஐப்பசி மாதத்துத் தில்லிக் காற்று ஈரமும் இன்றிப் புழுதியும் மிகாமல் இருந்தது. நாளுக்கு ஒன்றாக ஊட்டல்கள் இறுகின. மழைக்காலத்தில் இவ்வேகம் கிட்டாது.

துடைத்த துணிகளைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். எண்ணெய் இறுகும்போது வெப்பம் பிறக்கிறது என்று முன்பு சொன்னேன். கட்டையின்மேல் மெல்லியதாகப் பரவிய எண்ணெயின் வெப்பம் காற்றோடு கலந்துவிடுகிறது. கசங்கிச் சுருண்ட துணிக்குள் அது வெளியேற வழியின்றிச் சேர்கிறது. சூடு ஏற ஏற வினையும் விரைவாகிறது. வினை விரைய மேலும் சூடு. யாரும் தீக்குச்சி கிழிக்காமலே, சில மணி நேரத்தில் அக்குவியல் தானாகப் பற்றிக்கொள்ளும். மாலையில் மூலையில் எறிந்துவிட்டுப் படுத்த துணி நள்ளிரவில் வீட்டை எரித்த நிகழ்ச்சிகள் பல நாடுகளில் நடந்தவை. நம்மில் பலர் சிறு அடுக்கங்களில், ஒரே மாடத்தில் எரிவாயு உருளையும் பழந்துணி மூட்டையும் வைத்து வாழ்கிறோம். ஆகவே இதனைச் செவியில் வாங்கிக்கொள்ள வேண்டுகிறேன். எண்ணெய்த் துணியைச் சுருட்டக் கூடாது, குவிக்கக் கூடாது, குப்பைக் கூடையில் இடக் கூடாது. மூடியுள்ள தகர டப்பாவில் நீர் நிறைத்து அதில் முழுக அமிழ்த்த வேண்டும். அல்லது திறந்த வெளியில், எரியும் பொருள் ஏதுமற்ற இடத்தில், ஒற்றையாக விரித்து விறைக்கும்வரை காயவிட வேண்டும். பெரியவர் ஒவ்வொரு நாளும் துணியைப் பழைய பெயிண்ட் டப்பாவில் அமிழ்த்தி மூடியபிறகே கை கழுவினார்.

பதினெட்டாம் நாள் துப்பாக்கியைக் கூட்டி முடித்தார். வார்னிஷின் மினுமினுப்பு அதில் இல்லை. சாய்வாகப் பிடித்தால் பழுப்பினூடே கருங்கோடுகள் நெளிந்து ஓடின. வார்னிஷ் இருந்தவரை அவை இருந்ததே தெரியவில்லை. மேற்பார்வையாளர் விரலால் தடவி, ஒட்டவில்லை என்று கண்டு, “பாலிஷ் குறைவாக இருக்கிறதே” என்று மட்டும் சொன்னாராம். பதிவேட்டில் பெரியவரின் பெயர் நீடித்தது.

செப்பம் செய்துவிட்டோம் என்று மறந்துவிடலாகாது. படையினரிடையே வழங்கிய பழைய கணக்கு ஒன்று உண்டு: முதல் வாரம் நாள்தோறும், முதல் மாதம் வாரந்தோறும், முதல் ஆண்டு மாதந்தோறும், அதன்பின் ஆண்டுக்கொரு முறை எண்ணெய். ஒவ்வொரு முறையும் சில துளிகளே போதும். இரும்புக்கு எண்ணெயிட்ட நாளில் துப்பாக்கியைக் குழல் கீழாகச் சாய்த்து வைப்பது நலம். மிகுந்த எண்ணெய் மரத்துக்குள் இறங்காமல் வாய் வழியே வடிந்துவிடும். பூட்டு, விசை முதலியவற்றில் பழுது கண்டால் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளரிடமே செல்ல வேண்டும். அது நம் கைவேலைக்கு உரியதன்று.

பெரியவர் இப்போது மாதந்தோறும் என்ற கட்டத்தில் இருக்கிறார். ஒவ்வொரு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையையும் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். அதற்குப் பக்கத்திலேயே, மதுரைக் கல்லூரிக்குப் பணம் அனுப்ப வேண்டிய தேதி.